நாலு மணிக்குள் அனுப்பவும்

ததேயு சார் நாகர்கோவில் போயிருக்கிறார்,
மன அழுத்த மேலாண்மைப் பயிற்சிக்கு.
எங்களுடையது ஈராசிரியர் பள்ளி.
ஆக இன்று நான் மட்டும்,
ஐந்து வகுப்பு, முப்பத்தேழு பிள்ளைகள்,
ஒரே ஹால்.

காலை உப்புமாவை முதல் ஆளாய் ருசி பார்த்து
நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.
பத்து மணிக்குள் வருகையை ஏற்ற வேண்டும்.
கக்கூஸ் சுவரையொட்டிய கல்லில் ஏறி
கடையாலுமூட்டுப் பக்கம் திரும்பி
போனை உயர்த்தினால்தான் டவர் கிடைக்கும்.
"டீச்சர் தெனமும் ஆருக்குக் கும்பிடு போடுது?"
என்று சத்துணவு அக்காவிடம் கேட்டிருக்கிறாள்
பால்வெட்டுக்கு வருகிற ஒருத்தி.

ஜெர்ஷாவின் செருப்பளவை மறுபடி கேட்கிறார்கள்.
ஜூனில் ஒன்று அனுப்பினேன்.
அது ஜூன் கால்.
பெஞ்சில் ஏற்றி ஸ்கேல் வைத்து அளக்கும்போது
கூச்சத்தில் சிரித்து
அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.
அரை அங்குலம் குறைத்துத்தான் போயிருக்கும்.

மத்தியானம் ஒரு லிங்க் வந்தது.
ஆசிரியர் மனநலம். கட்டாயம்.
நாலு மணிக்குள் அனுப்பவும்.

முதல் கேள்வி பெயர்.
இரண்டாவது பள்ளியின் எண், பதினோரு இலக்கம்.
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்,
வீட்டுக்காரர் நம்பர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.
மூன்றாவது:
கடந்த வாரம் எத்தனை முறை களைப்பாக உணர்ந்தீர்கள்?
'எப்போதும்' என்பதன்மேல் விரல் நின்றது.
தொட்டால் யார் வருவார்கள்?
விளக்கம் கேட்டு இன்னொரு படிவம் வரும்.
'ஒருபோதும் இல்லை' என்பதைத் தொட்டேன்.
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் துலாமழை.
தகரக் கூரையில் அது விழுந்ததும்
என் குரல் என் வாயைத் தாண்டவில்லை.
வாய்ப்பாடு பாதியில் நின்றது.
கரண்டு போனது, டவர் போனது.
பெர்ஜின் ஏதோ புகார் சொல்லி வாயசைத்தான்,
தலையாட்டினேன், திருப்தியாய்ப் போய் உட்கார்ந்தான்.
ஒன்றாம் வகுப்பு, பாயில் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து
தூங்கத் தொடங்கியது.
இருபது நிமிடம்
யாரும் என்னிடம் எதையும் கேட்க முடியவில்லை.

இப்படிப் பெய்தால் நாளைக்குப் பால்வெட்டு கிடையாது.
இதில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஒருநாள் கூலி போகும்.
எனக்கு அந்த மழை போதவில்லை.
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

மேசையில் ஐந்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள்.
தலைப்பு: எனக்குத் தெரிந்த மரம்.
ரெதீஷ் எழுதியிருந்தான்:
'எங்கப்பா ரப்பர் வெட்டுவார். இன்று வெட்டின மரத்தை
நாளை தொட மாட்டார். தெனமும் வெட்டினால்
பட்டை செத்துப்போகும். பால் வராது.'
'தெனமும்' என்பதைச் சுழித்து
மேலே 'தினமும்' என்று எழுதினேன்.
பத்துக்கு ஏழு.
அடுத்த நோட்டை எடுத்தேன்.
பிறகு மறுபடி அதையே எடுத்தேன்.

மழை விட்டதும் போன் ஒன்பது தடவை துடித்தது.
மணி நாலு பத்து.

மறுநாள் ததேயு சார் வந்தார்.
ஒரு ஃபைல், ஒரு பேனா,
எனக்கென்று எடுத்துவைத்த ரெண்டு பழம்பொரி,
எண்ணெய் ஊறிய காகிதத்தில்.
"மூச்சை நாலு எண்ணி இழுக்கணுமாம், ஏழு எண்ணி விடணுமாம்."
"எண்ணிட்டு எங்க ஏத்தணும் சார்?"
இருமல் வரும்வரை சிரித்தார்.

நான் ரெதீஷின் நோட்டைக் காட்டினேன்.
படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு
வெளியே அந்தக் கல்லைப் பார்த்தார்.
"ஒத்தப்படைத் தேதிக்கு நான் ஏறுதேன் டீச்சர்.
ரெட்டைப்படைக்கு நீங்க ஏறுங்க.
மத்தநாள் போனைத் தொடாண்டாம்."
"முப்பத்தொண்ணாம் தேதி வந்தா?
அடுத்த நாளும் ஒத்தப்படையில்லியா சார்?"
விரல்விட்டுப் பார்த்தார்.
"ஐப்பசியில்லியா," என்றார்,
"அண்ணைக்கு மழை பெய்யும்."